விடைக்கு அழைக்கவும்

என் கைபேசி எண்ணை அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டது ஒரே ஒரு காரணத்துக்காக. விடை தெரியாதவர்கள் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று. புது வீட்டுக்கு வந்து திருஷ்டி கழித்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்கு அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு, "உங்கள மாதிரி இருக்கறவங்க இப்படித்தான் முன்னேறணும்" என்று எனக்குச் சான்றிதழ் வழங்குவதற்கும் அல்ல. இரண்டு மாதம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து குறுக்கெழுத்துப் புதிர்கள். அமைத்தவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கருமாதி அட்டை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அக்கா தி. நகரில் ஜாக்கெட் தைக்கிறவள். நான் வீட்டைவிட்டு வெளியேறியபோது தன் அறையில் எனக்கும் ஒரு பாய் விரித்தவள். மூன்றாவது ஆள், அடையாறில் கணினியில் பக்கம் வடிவமைக்கிற தம்பி. நானும் அக்காவும் திருநங்கைகள், தம்பி திருநம்பி. புத்தகத்தில் இதை எங்கேயும் சொல்லக் கூடாது, எங்கள் பெயர் மட்டும் போதும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அக்கா கேட்கவில்லை. சொன்னால்தான் வாங்குவார்கள் என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது.

விற்ற காசு எங்களுக்கு இல்லை. இதையும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. அக்கா ஒரு தோழியை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பதினெட்டு நாள் வெளித் தாழ்வாரத்தில் கிடந்தவள். நோயாளிக்கு உள்ளே பாலும் ரொட்டியும் வந்துவிடும். கூட வந்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. டீயும் பன்னுமாக நாளைத் தள்ளுவார்கள். அந்தத் தாழ்வாரத்து ஆட்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் இட்லி கொடுக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். அவளுக்கு இட்லி முக்கியம். எனக்குப் புதிர் முக்கியம். இதை மறைத்துப் புண்ணியம் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் தையல் மிஷின்மேல் பலகையைப் போட்டு உட்காருவோம். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் அமைத்த புதிரை மற்ற இரண்டு பேரும் தனித்தனியே போட்டு முடித்தால்தான் அது புத்தகத்துக்குள் வரும். ஒரு குறிப்பு நியாயமில்லை என்று தம்பி என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறான். அக்கா ஒருமுறை கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தே போய்விட்டாள். அந்தச் சண்டைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே எங்களோடு யாரும் ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுவதில்லை. ஒன்று விரட்டுவார்கள், இல்லாவிட்டால் கும்பிடுவார்கள்.

விடைகளைப் புத்தகத்தில் அச்சிட வேண்டாம் என்றது நான்தான். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தெரியாவிட்டால் கூப்பிடட்டும், நாலு வார்த்தை பேசட்டும் என்று, "விடைக்கு அழைக்கவும்" என்று போட்டு என் எண்ணைக் கொடுத்தேன்.

அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், ஏழாம் புதிரைவிட எட்டாம் புதிர் எளிதாக இருக்கிறதே என்று இரண்டையும் இடம் மாற்றச் சொன்னேன். தம்பி கட்டங்களை மாற்றிவிட்டான். குறிப்புகளை மாற்றுவது என் வேலை. அன்றைக்கு அச்சகத்தில் முகூர்த்தக் காலத்து நெரிசல். மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். புத்தகம் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய மறுநாள்தான் பார்த்தேன். ஏழாம் கட்டத்துக்குக் கீழே எட்டாவதின் குறிப்புகள், எட்டாம் கட்டத்துக்குக் கீழே ஏழாவதின் குறிப்புகள். முதல் குறிப்பு ஐந்தெழுத்துச் சொல்லைக் கேட்கிறது, கட்டத்திலோ மூன்று அறைதான் இருக்கிறது. பென்சிலை வைத்த அரை நிமிஷத்தில் யாருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தவர் வீட்டுப் பத்திரிகையில் மாமனாரின் இனிஷியலைக்கூடத் தப்பவிடாதவள் நான். அவமானத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டுகிறவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது, சரியான குறிப்புகளை எப்படி அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன்.

திட்டு வரவில்லை. புத்தகம் மட்டும் நன்றாக விற்றது. மாட வீதிக் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார். கூப்பிட்டவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு அம்மாள் அட்டையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்றார். அட்டையைத் திறந்தீர்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது. யாரும் புதிரைப் போடவே இல்லை. வாங்கினார்கள், நெகிழ்ந்தார்கள், போட்டோ எடுத்துப் போட்டார்கள், அலமாரியில் செருகிவிட்டார்கள். சிக்னலில் கார் கண்ணாடியை இறக்கிப் பத்து ரூபாய் நீட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தப்பை யாரும் பார்க்காதது நல்லதுதானே என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவாம். வருகிறவர்களுக்குக் கொடுக்க மொத்தமாக ஐம்பது பிரதி வாங்கியிருந்தார்கள். குழந்தைகளுக்குப் புதிர் போடுவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று அதன் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நான் நம்பிவிட்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய கட்டம் வரைந்தேன், குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்களாகப் பொறுக்கினேன், இரண்டு மார்க்கர் பேனா வாங்கினேன்.

அந்தத் தாளை நான் கடைசிவரை விரிக்கவே இல்லை. போனதும் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு தாய்மார்கள் குழந்தைகளை வரிசையில் நிறுத்தினார்கள். "உங்க வாக்கு பலிக்கும்னு சொல்வா, நன்னா படிக்கணும்னு சொல்லுங்கோ" என்று ஒருத்தி தன் பையனின் தலையை என் கைக்குக் கீழே தள்ளினாள். என் கையால் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டுமாம், பர்ஸில் வைத்தால் பணம் சேருமாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா அலுக்காமல் ஒவ்வொரு தலையாகத் தொட்டு, தன் சுருக்குப் பையிலிருந்து ஒவ்வொரு நாணயமாக எடுத்துக் கொடுத்தாள். எங்கள் புத்தகங்கள் மேஜைமேல் தாம்பூலப் பைகளில் தேங்காயோடு கிடந்தன.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செயலாளரிடம் போய், புதிர்களைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட்டதாகச் சொன்னார்.

"ஏழாவது எப்படி இருந்தது சார்?"

"ஏழாவதா? பிரமாதம்மா. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது."

"அதை யாராலயும் போட முடியாது சார். கட்டம் ஒண்ணு, குறிப்பு ஒண்ணு. தப்பா அச்சாயிருக்கு."

ஒரு நொடி அவர் முகம் சுருங்கியது. உடனே பழைய சிரிப்பு வந்துவிட்டது. "அதனால என்னம்மா? நல்ல காரியம்தானே" என்றார்.

அதனால என்ன. பொய் சொன்னதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இந்த வார்த்தையை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எங்கள் வேலை சரியாக இருந்தாலும் ஒன்றுதான், தப்பாக இருந்தாலும் ஒன்றுதான் என்று அவர் மைக் பிடித்த கையோடு சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டிக்குப் போய்விட்டார். நான் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் அக்கா அந்தச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பப் போய் எடுத்து வந்திருக்கிறாள். அடையாறு பாலம் தாண்டுகிறவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கத்தினேன். நீ ஏன் தலையைத் தொட்டாய், நீ ஏன் காசு கொடுத்தாய், உனக்கு ரோஷமே இல்லையா என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"எனக்குக் கும்பிடு வேணாம்க்கா," என்றேன். "யாராவது ஒருத்தர் என்னைத் திட்டணும். இப்படித் தப்பு பண்ணிட்டியேன்னு ஒரே ஒருத்தர் கேக்கணும்."

"அம்பது புக்கு எத்தினி நாளு இட்லி தெரியுமா ஒனக்கு?" என்றாள் அக்கா. இறங்கும்போது ஆட்டோவுக்குக் கொடுக்க அவளிடம் சில்லறை இல்லை, எல்லாம் அந்தக் குழந்தைகளிடம் போயிருந்தது.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் அக்காவோடு இட்லி கொடுக்கப் போகவில்லை. மீதி இருந்த புத்தகங்களை அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், ஆளுக்கு ஒன்றாக இட்லியோடும் ஒரு பென்சிலோடும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தம்பி சொன்னான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்கெனவே தேங்காயோடு போனது, இப்போது இட்லியோடா? மிச்சத்தையாவது பிடுங்கிக்கொண்டு வருவது என்று அடுத்த புதன்கிழமை காலை நானே கிளம்பிப் போனேன்.

தாழ்வாரத்தில் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். தூணோரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் வரிசைக்கு வரவில்லை. கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தது. மடியில் எங்கள் புத்தகம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள், உள்ளே புருஷனுக்குக் காலில் ஆபரேஷன், பதினோரு நாளாக இங்கேயே இருக்கிறாள் என்று அக்கா பிறகு சொன்னாள். நான் புத்தகக் கட்டைத் தூக்கப் போனபோது அவள் குரல் கொடுத்தாள்.

"இத்த பண்ணது யாரு?"

அக்கா கரண்டியாலேயே என்னைக் காட்டினாள்.

"நீதானா? ஏழாவதும் எட்டாவதும் மாத்திப் போட்டுக்கீற. ஒரு நாளு பூரா மண்டைய ஒடச்சிக்கினேன். அச்சடிக்கச் சொல்லோ கண்ண எங்க வெச்சிக்கினு இருந்த?"

புத்தகத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஏழாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கத்துக்கு ஒரு அம்பு, எட்டிலிருந்து ஏழுக்கு ஒரு அம்பு. தானே கண்டுபிடித்து, இரண்டையும் போட்டு முடித்திருந்தாள். மற்ற பக்கங்களைப் புரட்டினேன். அழித்து அழித்து எழுதியதில் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. எழுதி வைத்திருந்த மன்னிப்பு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. பின்னாலேயே நம்பர் இருக்கிறதே, கூப்பிட்டு விடை கேட்டிருக்கலாமே என்று உளறினேன்.

"கேட்டு எழுதறதுக்கு நான் எதுக்கு ஒக்காந்து போடணும்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பதினோராவது பக்கத்தைத் திருப்பி விரலால் தட்டினாள். செதில் இல்லாத மீன், ஐந்து எழுத்து. விடை வஞ்சிரம்.

"வஞ்சிரத்துக்குச் செதிலு இல்லன்னு எவன் சொன்னான்?"

மீனே நுழையாத வீட்டில் பிறந்தவள் நான், ஆனால் இந்தக் குறிப்பு என்னுடையது. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கடையில் பார்த்திருக்கிறேன், வழவழவென்றுதான் இருக்கும் என்றேன். பொடிசாக இருக்கும், நகத்தால் சுரண்டிப் பார் என்றாள். இரண்டு பேர் சரிபார்த்த புதிர் இது என்றேன். அவர்கள் மீன் விற்கிறார்களா என்று கேட்டாள். என் குரல் ஏறியது, அவள் குரலும் ஏறியது. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரியா மார்க்கெட்டா என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள். அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா, என் தப்புதான்" என்றேன்.

"மன்னிப்பு யாருக்கு வோணும்? திருத்து" என்று பென்சிலை நீட்டினாள்.

பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செதில் இல்லாத மீன் என்பதை அடித்தேன். யோசித்துப் புதுக் குறிப்பு ஒன்றை ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அக்கா கொண்டுவந்து வைத்த இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"ரொம்ப சுளுவா கீது," என்றாள். "வேற போடு."

அதையும் அடித்துவிட்டு மறுபடி யோசிக்க ஆரம்பித்தேன்.