கடலுக்குப் போகும் நாயும் உண்ணி மருந்தும்

மிருக மருந்துக்கடையில் நோயாளி வாய் திறப்பதில்லை. கூட்டிவருகிறவர் வாய் மூடுவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இப்படியொரு கடையை நெடுங்காலமாக வைத்திருக்கிறேன். நான் படித்த வைத்தியன் அல்லன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களை வாசித்து வாசித்துப் பழகியவன். "உலகத்தில அந்தத் தாளை வாசிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்பாள் என் மனைவி. அவள் போனபிறகும் வாசிப்பதை விடவில்லை.

பின்னேரங்களில் கதிரையில் இருந்து, நாயின் காதுக்குள் உண்ணி பிடுங்கி, மண்ணெண்ணெய்ச் சிரட்டைக்குள் போட்டுப் போட்டு அலுத்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். இயற்கை மருந்தா இரசாயன மருந்தா என்ற வழக்கு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். பக்கத்துக் கரையோரக் கிராமமான சல்லியில், நாகராசா வீட்டில் அது ஜிம்மி என்ற நாயின் உயிரை நடுவில் வைத்து நடந்தது.

வள்ளத்துக்குப் பூசிய மிச்சம்

நாகராசா கடற்றொழிலாளி. எஞ்சின் பூட்டிய பழைய மர வள்ளம் ஒன்று வைத்திருக்கிறார். ஒருநாள் ஓட்டோவில் நாயோடு வந்து இறங்கினார். ஜிம்மி செம்மண் நிறம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அது கழுத்திலிருந்து வால்வரை தார் போலக் கறுத்திருந்தது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய். பலகைக்குப் பூசிவிட்டு மிச்சத்தை நாய்க்கும் பூசுவது கரையில் பலருக்குப் பழக்கம்.

நாய் தன் உடம்பை நக்கும், நக்கினால் அந்த நஞ்சு உள்ளே போகும் என்று சொன்னேன். கடையின் பின்பக்கக் கிணற்றடியில் இருவருமாகத் தேங்காயெண்ணெய் தேய்த்து, சவர்க்காரம் போட்டு, திரும்பத் திரும்பக் கழுவினோம். கறுப்புப் போகப் போக, காதுகளுக்குள் உண்ணிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. நாகராசா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பலகையை அரிக்கிற புழுவே இதுக்குக் கிட்ட வராது அண்ணை. உண்ணி மட்டும் என்னெண்டு குடியிருக்குது?"

மஞ்சள் நாய்

அதன்பிறகு வைத்தியத்தை அவருடைய மனைவி புவனம் கையில் எடுத்தார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது, வேறொன்றும் வேண்டாம் என்பது அவர் முடிவு. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. வாசலில் படுக்கும் நாய், முற்றத்தில் கோழிகள், இவற்றுக்கு நடுவில் நஞ்சை ஏன் விடவேண்டும் என்று கேட்டார். வேம்பு புண்ணுக்கு நல்லது, புதிதாக ஏறவரும் உண்ணியையும் கொஞ்சம் விலக்கும், ஆனால் கடித்துப் பிடித்துவிட்ட உண்ணி அதைப் பொருட்படுத்தாது என்றேன். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த தடவை ஜிம்மி பளிச்சென்ற மஞ்சளில், வேப்பிலை மணக்க வந்தது. புவனத்தோடு கூடவந்த நாகராசா என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார், புவனத்துக்குக் கேட்கும்படியாகவே.

"நான் எண்ணெய் பூசினது பிழையாம் அண்ணை. இவள் உண்ணிக்கு அம்மன் கோயில் திருவிழா நடத்துறாள்."

நாலு கால் நியாயம்

அந்த நேரம் கடையில் கிண்ணியாவைச் சேர்ந்த ரஹீம் நானா நின்றார். மாடு வளர்ப்பவர், பகிடிக்காரர். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் தன்னிடம் இருப்பதாகவும், சும்மாவே தருவதாகவும் நாகராசாவிடம் சொன்னார். நாகராசாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது. நான் இடையில் புகுந்து, மாட்டின் உடம்புக்குக் கணக்குப் பார்த்துச் செய்த மருந்தை நாய்க்கு விட்டால் உண்ணிக்கு முதல் நாய் விழும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நாலு காலுக்கும் மருந்து ஒன்றுதானே என்று ரஹீம் நானா வாதாடினார். தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நாகராசாவின் தோளில் தட்டினார்.

"மாட்டு மருந்தை நாய்க்கு ஊத்தினா நாய் சாகும். நாய் மருந்தை மாட்டுக்கு ஊத்தினா, எத்தனை போத்தல் வேணும், கடை முதலாளி வாழுவார்."

வெளிறிய முரசு

மாரி முடிய ஜிம்மி சாப்பாட்டை விட்டது. வாயைத் திறந்து பார்த்தேன். பல்லைச் சுற்றிச் சிவப்பாக இருக்கவேண்டிய முரசு கடதாசி போல வெளிறியிருந்தது. உடனே மிருக வைத்தியரிடம் அனுப்பினேன். உண்ணிக் காய்ச்சல் என்றார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, இந்தமுறை தப்பும், இனியும் உண்ணி கடித்து இரத்தம் குறைந்தால் தப்பாது என்று சொல்லிவிட்டார். வாயால் கொடுக்கும் உண்ணி மாத்திரை அப்போது கொழும்பிலிருந்தே வரவில்லை. முதுகில் விடும் துளி மருந்துதான் என்னிடம் இருந்தது. புவனமும் இந்தமுறை மறுக்கவில்லை. நாய்க்குக் குளிக்க வார்க்கவேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் நாகராசா தனியாக வந்தார். கைக்குள் ஒரு சிறிய போத்தல், அதற்குள் கொழுத்த உண்ணிகள். அதை மேசையில் வைத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"உங்கட மருந்தைக் குடிச்சுத்தான் இவை இப்பிடிக் கொழுத்தவை. என்ர நாய் எழும்ப ஏலாமல் கிடக்குது."

குளிப்பு

மருந்தில் பிழையில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கே பிழை என்பதுதான் தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அடுத்தநாள் முதல் பஸ்ஸிலேயே சல்லிக்குப் போனேன். கரையில் நாகராசா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும், வீட்டுப் பக்கம் கிடந்த ஜிம்மி தட்டுத் தடுமாறி எழும்பி, மணலைக் கடந்து, கடலில் இறங்கியது. அலை உடையும் இடம்வரை வள்ளத்துக்குப் பின்னால் நீந்திவிட்டுத் திரும்பி வந்து மணலில் விழுந்தது. தினமும் அப்படித்தானாம். அது வழியனுப்பாமல் அவர் போனதில்லையாம்.

மருந்தை எப்போது விட்டீர்கள் என்று புவனத்திடம் கேட்டேன். விடிய, அவர் கடலுக்குப் போக முதல் என்றார். மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது நாய் நனையக்கூடாது. அதனால்தானே குளிக்க வார்க்கவேண்டாம் என்று சொன்னேன் என்றேன். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"நாங்கள் ஒரு வாளித் தண்ணி வார்க்கேல்லை அண்ணை. கடலில இறங்கினது குளிப்போ? உப்பைக் கழுவத்தானே பிறகு குளிக்கிறது."

கவிழ்த்து வைத்த வள்ளம்

கட்டி வைத்துப் பார்த்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் ஜிம்மி கயிற்றை இழுத்து, கழுத்து இறுகி, மூச்சில்லாமல் விழுந்தது. அறைக்குள் பூட்டினால் கதவை முட்டியது. அந்தப் பலவீனத்தில் அதுவே அதைக் கொன்றுவிடும். வள்ளம் போனால் நாய் போகும். நாய் நிற்கவேண்டுமென்றால் வள்ளம் நிற்கவேண்டும். சூடை மீன் கரையோரம் கூட்டமாக வரும் காலம். பக்கத்து வள்ளக்காரர் சிரித்துக்கொண்டே, நாய்க்காகத் தொழிலுக்குப் போகாமல் இருக்கப்போகிறாயா என்று கேட்டார். நாகராசா "ஓம்" என்றார். அவ்வளவுதான். வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துவிட்டு, அதன் நிழலில் நாயோடு இருந்து கிழிந்த வலைகளைப் பொத்தினார்.

ஜிம்மி இரவில் படுக்கும், வலைகள் வைக்கும் கொட்டிலான வாடிக்குள் நான் புகுந்து பார்த்தபோது, சுவர் வெடிப்புகளில் உண்ணி முட்டையிட்டிருந்தது. நாயின் முதுகுக்கு என் மருந்து, வாடிக்குப் புவனத்தின் மருந்து என்று பிரித்துக்கொண்டோம். அவர் வலைகளை வெயிலில் விரித்தார், பழைய சாக்குகளைக் கொளுத்தினார், வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்துச் சுண்ணாம்பு பூசினார், வேப்பிலை கொதித்த தண்ணீரை மூலை மூலையாக ஊற்றினார். சொன்ன நாட்கள் முடியும்வரை நாகராசா கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாரே தவிர, இறங்கவில்லை.

முரசு மெல்ல மெல்லச் சிவந்தது. ஜிம்மி இப்போது திரும்பவும் நீந்துகிறது. மாதாமாதம் மருந்துக்கு முன்னும் பின்னும் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்த துளி மருந்து வாங்கப் புவனம் வந்தபோது, யாருடைய வைத்தியம் வென்றது என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"காத்து அடிக்குது, போகாதேங்கோ எண்டு நான் மறிச்ச நாளெல்லாம் போன மனுசன் அண்ணை. நாய்க்காக நிண்டிட்டார். இனிக் காத்துக் காலத்தில என்ர முதுகிலயும் ஒரு துளி விடுங்கோ."

இயற்கையா இரசாயனமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, உங்கள் நாய் விடிய எங்கே போகிறது, அதற்காக வீட்டில் யார் நிற்பீர்கள் என்பதைத்தான்.