அச்சோல் என்ற பெயருக்குக் கருத்து

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம், பனிக்கால விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல்நாள், எங்கள் வகுப்புக்கு ஒரு புதுப் பிள்ளை வந்தாள். வகுப்பில் மிக உயரமானவன் என்று பெயரெடுத்திருந்த பையனை விட அவள் ஒரு சாண் உயரம். துரொண்ட்ஹெய்ம் என்ற நகரத்தில் இருந்து வந்திருக்கிறாள், பெயர் அச்சோல் என்று ஆசிரியை சொன்னார். குடும்பப் பெயரில்தான் அவர் தடக்குப்பட்டார். அது 'ங' என்ற ஒலியில் தொடங்கியது. நோர்வே மொழியில் எந்தச் சொல்லும் அப்படித் தொடங்குவதில்லை. முதலில் 'என்கோர்' என்றார், பிறகு 'நகோர்' என்றார், பிறகு சிரித்துக்கொண்டு அவளையே சொல்லச் சொன்னார்.

"ஙோர்" என்றாள் அவள்.

நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் ங, ஙா, ஙி, ஙீ என்று அந்த வரிசை முழுவதையும் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இந்த எழுத்துகளில் தொடங்கும் ஒரு சொல் சொல்லுங்கள் என்று தமிழ் ரீச்சரிடம் கேட்டதற்கு, சொல் பிறகு வரும், முதலில் எழுத்தைப் பழகு என்று சொல்லிவிட்டார். எதற்கென்றே தெரியாமல் நான் பழகி வைத்திருந்த 'ஙோ'வைப் பெயரில் வைத்துக்கொண்டு ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். நான் கையை உயர்த்திவிட்டு, "ஙோர்" என்று திருத்தமாகச் சொன்னேன். அச்சோல் என்னைத் தேடிப் பார்த்தாள். எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் வீடு ஏழாம் மாடியில். அவர்கள் அதே கட்டடத்தில் நாலாம் மாடிக்கு வந்திருந்தார்கள். காலையில் நான் லிஃப்டில் இறங்கும்போது நாலில் நிறுத்துவேன், அவள் ஏறிக்கொள்வாள். ஒஸ்லோவில் பிறந்த நாங்கள் 'நான்' என்பதற்கு ஒரு சொல் சொன்னால், அவள் வாயை அகலத் திறந்து துரொண்ட்ஹெய்ம்காரரின் சொல்லைச் சொல்வாள். அதற்காகவே பையன்கள் அவளைக் கதைக்க வைத்துச் சிரிப்பார்கள். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவர்கள் தென்சூடானில் இருந்து வந்தவர்கள் என்று நான் வீட்டில் சொன்னதும், அப்பா, அப்படியென்றால் டிங்கா ஆட்கள், உலகத்திலேயே உயரமானவர்களில் அவர்களும் சேர்த்தி என்றார். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்த அப்பாவுக்கு எல்லா நாடுகளைப் பற்றியும் ஒரு வரியாவது தெரியும். நான் அதை அடுத்தநாள் அச்சோலிடம் ஒப்புவித்தேன். டிங்கா என்பது மற்றவர்கள் வைத்த பெயர், நாங்கள் எங்களை ஜியெங் என்றுதான் சொல்வோம் என்றாள். அவர்களுக்கு மாடுதான் எல்லாம் என்றும், தன் அப்பாவுக்கு மாட்டு நிறங்களுக்கே எண்ணமுடியாத அளவு சொற்கள் தெரியும் என்றும் சொன்னாள். அவள் தன் வாழ்நாளில் மாட்டைக் கிட்டப் பார்த்தது ஒரே ஒரு தடவை, துரொண்ட்ஹெய்மில் பள்ளிக்கூடத்தோடு ஒரு பண்ணைக்குப் போனபோது. பயத்தில் அழுதுவிட்டாளாம். அதை அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று ஆசிரியையிடம் கெஞ்சியிருக்கிறாள்.

ஒருநாள் ஊஞ்சலில் இருந்தபடி எங்கள் பெயர்களுக்கு என்ன கருத்து என்று கதைத்தோம். என் பெயருக்கு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு அம்மா, வடிவாயிருந்தது, வைத்தோம் என்றிருந்தார். அச்சோல் கொஞ்சநேரம் ஆடிவிட்டு, காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள். தனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தானாம். இவள் பிறக்க முதலே, அகதி முகாமுக்கு நடந்து போகிற வழியில் இறந்துவிட்டானாம். அப்படி ஒரு பிள்ளை இறந்த பிறகு பிறக்கிற பெண்பிள்ளைக்கு அச்சோல் என்று பெயர் வைப்பார்கள், 'ஒருவருக்குப் பதிலாக வந்தவள்' என்று கருத்து என்றாள். ஒருவருக்கும் சொல்லாதே என்றாள். நான் சத்தியம் செய்தேன். அந்த நேரத்தில் உண்மையாகவே செய்தேன்.

வசந்தம் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் மொழி நாள் வைத்தார்கள். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் அதைப் பற்றி வகுப்புக்குச் சொல்லவேண்டும், விருப்பமென்றால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வரலாம். நான் தனியாகவே வெல்லலாம் என்று நினைத்தேன். போட்டி என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நான் வெல்லத்தான் போனேன். அப்பா கொண்டுவந்த பெரிய அட்டையில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் நாலு நிறத்தில் எழுதினேன். மூன்று மாலைகள் போயின. அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, இரண்டு சுழி ன-வில் ஒன்று கூடிவிட்டது என்று அழித்து எழுத வைத்தார்.

வகுப்பில் நான் உயிரெழுத்தில் தொடங்கினேன். ககர வரிசை முடிவதற்குள் பின்வரிசையில் ஒருவன் மேசையில் தலையை வைத்துவிட்டான். இதெல்லாவற்றையும் பாடமாக்கவேண்டுமா, பாவம் என்றாள் ஒருத்தி. ஆசிரியை அன்பாகக் கைதட்டி என்னை இருக்கச் சொன்னார். நான் ங வரிசைக்கே வந்திருக்கவில்லை.

அடுத்ததாக அச்சோலின் அப்பா வந்தார். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். மேலங்கிக்குள் வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார். கதவுக்குள் குனிந்துதான் நுழைந்தார். நெற்றியில் இந்தக் காதில் இருந்து அந்தக் காது வரைக்கும் அவர்கள் ஊர் வழக்கப்படி கீறிய தழும்புக் கோடுகள் ஓடின. மெல்லிய குரலில், அவசரப்படாமல் கதைத்தார். தங்கள் ஊரில் ஒரு பையன் பெரியவன் ஆகும்போது அவனுக்கு ஒரு எருது கொடுப்பார்கள், அந்த எருதின் நிறம் அவனுக்கும் பெயராகிவிடும், அவன் அதைப் பற்றிப் பாட்டுக் கட்டுவான் என்றார். பிறகு, உங்களுக்கும் பெயர் வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் போட்டிருந்த உடுப்பைப் பார்த்து மாட்டின் பெயர் வைத்தார். சிவப்புச் சுவெட்டர் போட்டவன் மலுவால். வெள்ளைச் சட்டைக்காரன் மபியோர். மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தவன் எழுந்து நின்று பெயர் கேட்டான். நான் அன்றைக்கென்று அம்மா ஸ்திரிபோட்டுத் தந்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். என் முறை வந்ததும் அவர் முகம் மலர்ந்து, "யார்" என்றார்.

வெள்ளைப் பசு என்று கருத்து, பெண்பிள்ளைகளுக்குப் பசுவின் பெயர்தான் வைப்போம், எங்களிடம் அது மிக நல்ல பெயர் என்று விளக்கினார். அதை நான் காதில் வாங்கவில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை எழுதிக் கொண்டுவந்த என்னைப் பார்த்து ஒருவர் என் மொழியிலேயே யார் என்று கேட்டுவிட்டார். அந்த அவமானம் அங்கே இருந்த ஒருவருக்கும் புரியாது என்பது அதைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

அவர் பாடினார். சின்ன வயதில் தனக்கு இருந்த எருதைப் பற்றிய பாட்டு. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கொம்புகள் மாதிரி வளைத்து உயர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அச்சோலும் எழுந்து கைகளை உயர்த்தினாள். பிறகு முழு வகுப்பும் உயர்த்தியது. ஆசிரியை கண்ணைத் துடைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பாட்டு முடிந்ததும், அப்படியென்றால் அச்சோல் என்றால் என்ன நிறம் என்று யாரோ கேட்டார்கள். அவர் மகளைப் பார்த்தார். அது நிறம் இல்லை, குடும்பத்தில் வைக்கிற ஒரு பெயர் என்று ஏதோ தொடங்கினார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அதற்கு விக்கார் என்று கருத்து."

வழக்கமான ஆசிரியர் வராத நாளில் அவருக்குப் பதிலாக வருகிறவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் விக்கார் என்பார்கள். விக்கார் வருகிற நாளில் யாரும் சொல்வழி கேட்பதில்லை. இடம் மாறி இருப்பார்கள், பெயரை மாற்றிச் சொல்வார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார்கள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அச்சோலின் அப்பாவும், என்ன பகிடி என்று விளங்காமலோ விளங்கியோ, மரியாதைக்குச் சிரித்தார். அச்சோலின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.

அன்றிலிருந்து அவள் விக்கார் ஆனாள். அவள் கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் வந்தால் இடம் மாறி இருந்தார்கள். நான் அந்தப் பெயரைப் பிறகு ஒருதடவைகூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய நல்ல குணமாகத் தெரிந்தது. காலையில் லிஃப்ட் நாலில் நின்று, ஒருவரும் ஏறாமல் கதவு மூடிக்கொண்டது. அடுத்த வாரம் அவள் மூன்று நாள் பள்ளிக்கூடமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆசிரியை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா குசினியில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்காக ரோல்ஸ் செய்துகொண்டிருந்தார். ஒரு கையில் முட்டையும் தூளும் ஒட்டியிருக்க, மற்றக் கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, ஓம் ஓம் என்று நோர்வே மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அழத் தயாராக வந்தேன்.

"அந்தப் பிள்ளையின்ரை பேருக்கு என்ன கருத்தாம்?"

நான் சொன்னேன். அண்ணன் இறந்ததையும், வழியில் இறந்ததையும், பதிலாக வந்தவள் என்பதையும் சொன்னேன். அடி விழும் என்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றேன். அம்மா அடுப்பை நிறுத்தினார். சட்டியில் பாதி பொரிந்த ரோல்ஸ் அப்படியே கிடந்தது. அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்று நெடுநேரம் கையைக் கழுவினார். பிறகு, பொரித்து வைத்திருந்ததில் ஒரு தட்டு நிறைய எடுத்து மூடினார்.

"வா, கீழை போவம்."

கதவைத் திறந்தது அச்சோலின் அம்மா. அவரும் நெடுநெடுவென்று உயரம். எங்களைப் பார்த்ததும் காரணம் கேட்கவில்லை. உள்ளே வரச்சொல்லித் தேநீர் வைத்தார். அச்சோல் சோபாவின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்பதா, கேட்டது காதில் விழுந்தது என்பதா என்று தெரியவில்லை. இனி எழுந்து போகலாம் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழவில்லை.

அம்மாவின் நோர்வே மொழி சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்து பழகியது. மூன்று வயதுப் பிள்ளையோடு கதைக்கிற மாதிரிச் சின்னச் சின்ன வசனமாகத்தான் வரும். அச்சோலின் அம்மாவுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

"அவனுடைய பெயர் என்ன?" என்று அம்மா கேட்டார்.

எவன் என்று அச்சோலின் அம்மா கேட்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த நாட்டில் அதை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொன்னார். பிறகு, மஜோக் என்றார். கறுப்பும் வெள்ளையுமான எருதின் பெயர். நாலு வயது. நன்றாக நடப்பான், தூக்கச் சொல்லமாட்டான் என்றார்.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் போனபிறகு, "எனக்கும்," என்றார். "ஒரு பையன். இவளுக்கு முதல்." இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு வயது. சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து காட்டுப் பக்கம் இருந்தோம், காய்ச்சல், மருந்து இல்லை என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். பெயர் நிரோசன் என்றார்.

அச்சோலின் அம்மா அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். அவர்களுடைய மொழியில் 'ஸ' போல ஒலிக்கிற அந்தச் 'ச' இல்லை. அவருக்கு நிரோத்தன் என்றுதான் வந்தது. என் எழுத்தில் ஒரு சுழி கூடினாலே பொறுக்காத அம்மா அதைத் திருத்தவில்லை. இரண்டாம் தடவை அவர் சொன்னபோது, ஓம் என்று தலையாட்டினார். அச்சோலின் அம்மா தன் நீளமான கையை எடுத்து அம்மாவின் முழங்காலில் வைத்தார். வெளியே வெளிச்சம் குறையும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நானும் அச்சோலும் தட்டில் இருந்த ரோல்ஸை ஆளுக்கு இரண்டு தின்றோம்.

திரும்பி வரும்போது லிஃப்டில் அம்மாவிடம் நிரோசன் யார் என்று கேட்டேன். அம்மா ஏழாம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நான்தான் மூத்த பிள்ளை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சுவரிலும் அல்பத்திலும் வேறு ஒரு பிள்ளையின் படமும் கிடையாது. அம்மா மற்றவர்களின் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்லக்கூடியவர். சாப்பிடாமல் போன வீட்டில் இப்பதான் சாப்பிட்டு வந்தோம் என்பார், பிடிக்காத சாரியைத் தடவிப் பார்த்து நல்ல நிறம் என்பார். நான் செய்த பிழையைச் சரிக்கட்ட அம்மா எவ்வளவு பெரிய பொய்யை, அதுவும் நோர்வே மொழியில், உண்மை மாதிரியே சொல்லியிருக்கிறார் என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் நாலில் நின்றபோது அச்சோல் ஏறினாள். பள்ளிக்கூட வாசலுக்குக் கிட்ட, அவளைச் சமாதானப்படுத்த என்று நான் அந்த இரகசியத்தைச் சொன்னேன். என் அம்மாவுக்கு அப்படி ஒரு பையன் இருக்கவில்லை, உன் அம்மா கவலைப்படக்கூடாது என்று சும்மா சொன்னவர் என்றேன்.

அச்சோல் நின்று, மேலே இருந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு சொல்லாமல் விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அவளுக்கு என்னில் இன்னும் கோபம் போகவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.