நாலு பேர் கம்பெனியில் ஒரு பேர்

ஆட்டத் தொழிலில் கால் வீங்கினால் தைலம் தேய்க்கலாம், தொண்டை கட்டினால் கஷாயம் குடிக்கலாம், மானம் போனால் மட்டும் மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். மேடையேறி ஒரு தடவையாவது தலைகுனிந்தவர்கள் இதைப் படித்தால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். இடம் நிறைய இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் ஆட்டக் கம்பெனி வைத்திருந்தோம். நான் ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. அந்தோணி ரயில் பட்டறையில் இரும்படிப்பவன், தப்புப் பறை வாசிப்பான். இபுராகிம் பாய் தையல்கடைக்காரர். பாடுவார், எங்களுக்கு உடுப்பும் தைப்பார். செல்லம்மா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பத்து வருஷம் பால்மரம் வெட்டியவள். புருஷன் இறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து வீடுகளில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ராஜா ராணிக் கதை ஆடுவதில்லை. இந்த ஊரில் நம் கண் பார்த்ததை, நம் உடம்பு செய்ததை மட்டுமே ஆடுவது. வாத்தியார் என்று ஒருத்தர் கிடையாது. எதுவானாலும் நாலு பேரும் கூடிப் பேசித்தான் முடிவு. பாய் கடை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிப் பேசி வைத்துக்கொண்டோம். அன்றைக்கு எல்லோரையும்விட உரக்கப் பேசியவன் நான்தான்.

முன்வரிசைப் பெரியவர்

கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் முதல் ஆட்டம். தண்டவாளம் போடுகிற ஆட்டம். கட்டை சுமப்பது, வரிசையாக நின்று கடப்பாரையால் நெம்புவது, ஒருத்தன் வெயில் தாங்காமல் சுருண்டு விழுவது, மற்றவர்கள் அவனைத் தாண்டிக்கொண்டு வேலையைத் தொடர்வது. விழுகிறவன் நான். விழுந்து கிடக்கும்போது சனங்கள் கண் கலங்குவார்கள் என்று நம்பியிருந்தேன். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் எழுந்து மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். ரயில்பாதை போட்டே ஓய்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. செத்துக் கிடந்த என் காதருகே குனிந்து, என் மனசு நோகக் கூடாதே என்கிற கவலையோடு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இதத்தான் நான் ஆயுசு பூராவும் செஞ்சேன். ராசா எப்ப வருவாரு?"

மரத்தின் முன்னால்

பால்வெட்டு ஆட்டம் செல்லம்மா கட்டியது. மரத்துக்கு மரம் ஓடுகிற அந்த நடை, பட்டையில் உளியை இழுக்கிற மணிக்கட்டு, தோளில் காண்டாக் கட்டையின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, ஒரு சொட்டும் சிந்தாமல் சரிவில் இறங்குவது – எல்லாம் அவள் உடம்பிலிருந்து வந்தவை. நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். எனக்கு அது போதவில்லை. ஊரிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் கம்பெனிகளைப் பார்த்துப் பார்த்து விரல் பிடிப்பும் கண் வெட்டும் கொஞ்சம் பொறுக்கி வைத்திருந்தேன். மரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்று, கையைத் தாமரை மாதிரி விரித்து, புருவத்தை ஏற்றிக் கழுத்தை இரண்டு தடவை அசைத்தேன்.

அந்தோணி தப்பை நிறுத்திவிட்டான். பாய் வாயில் ஊசியோடு சுவரைப் பார்த்தார். செல்லம்மா சிரிக்கவில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னாள்: "அண்ணே, மரத்தக் கும்புடாதீங்க. வெட்டுங்க."

வழி கேட்டவன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அந்தோணியும் பாய் கடைக்கு நடந்துகொண்டிருந்தோம். அவன் தோளில் தப்பு தொங்கியது. ஏதோ சொல்லிச் சிரித்து என் முதுகில் தட்டினான். அந்த நேரம் பார்த்து எதிரே எங்கள் தலைமைக் குமாஸ்தா, குடையும் மனைவியுமாக. அவர் பார்வை தப்பைத் தொட்டு, என் முதுகில் இருந்த கையைத் தொட்டு, என் முகத்தில் வந்து நின்றது. "யாரு இது, வைத்திலிங்கம்?" என்றார்.

தெரிந்தவன் என்று சொல்லியிருக்கலாம். நண்பன் என்று சொல்ல வேண்டாம், பட்டறையில் வேலை செய்கிறவன் என்றாவது சொல்லியிருக்கலாம். "யாரோ தப்படிக்கிறவன், சார். வழி கேட்டான்" என்றேன். அந்தோணியின் கை என் முதுகிலிருந்து இறங்கியது. ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றான். அவன் பிறந்ததே பிரிக்பீல்ட்ஸில். தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவான். இருந்தாலும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தப்பை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தெரியாத ஊருக்கு வந்தவன் மாதிரி கேட்டான்: "ஐயா, ரயில் டேசனுக்கு எந்தப் பக்கம் போவணும்னு சொன்னீங்க?"

நோட்டீஸ்

கோலாலம்பூரில் பெரிய மனிதர்கள் நடத்தும் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆட அழைப்பு வந்தது. நோட்டீஸ் அடிக்க என்னைத்தான் அனுப்பினார்கள், படித்தவன் என்று. கம்பெனி யாருடையது என்று அச்சுக்கூடத்தில் கேட்டார்கள். நாலு பேருது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் நாக்கு என் பேரைச் சொன்னது. முன்னால் மாஸ்டர் என்றும் சேர்த்துக்கொண்டது. 'மாஸ்டர் வைத்திலிங்கம் குழுவினரின் நவீன நடனம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. வேறு பேர் எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, பாய் கடைக்குப் பக்கத்துச் சுவரில் அதை ஒட்டியிருந்தார்கள். செல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பாயை இழுத்து வந்து வாசிக்கச் சொன்னாள். நான் தெரு முனையிலேயே நின்றுவிட்டேன். பாய் முதல் வரியைப் பார்த்தார். திரும்பியபோது என்னையும் பார்த்தார். குரல் மாறாமல் வாசித்தார்: "செல்லம்மா, அந்தோணி, இபுராகிம், வைத்திலிங்கம், நாலு பேரும் சேந்து ஆடுற ஆட்டம்." அவள் தன் பேர் எங்கே என்று கேட்டாள். பாய் கொஞ்சம் தடுமாறி, அடியில் இருந்த 'ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு' என்ற வரியின் மேல் விரலை வைத்தார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தடவிப் பார்த்தாள். "எம்பேரு எழுதுனா இம்புட்டு நீளமா வருமா, பாய்?"

மாலை மரியாதை

விழாவுக்கு முதல் நாள் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். குடும்பங்கள் வருகிற இடம், தோட்டத்துப் பொம்பளை ஆண்களோடு சேர்ந்து ஆடினால் நன்றாக இருக்காது, ஆம்பளை யாராவது சேலை கட்டிக்கொள்ளட்டும் என்றார். மற்ற மூன்று பேரையும் கேட்டுச் சொல்கிறேன் என்று வாயில் வரவில்லை. "சரிங்க" என்றேன். விழா அன்று, மேடைக்குப் பின்னால் எல்லோரும் தயாரான பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அந்தோணி தப்பின் வாரைக் கழற்றினான். பாய், "வாங்க, போயிரலாம்" என்றார். செல்லம்மாதான் வேண்டாம் என்றாள். "தோட்டத்துல நாங்க எப்படிப் பாடுபடுறோம்னு இவங்க வேற எங்க பாக்கப் போறாங்க? ஆடுங்க" என்றாள். ஆட்டத்துக்கு உடுத்தியிருந்த சேலையை மாற்றிக்கொண்டு வந்து, அதை அவளே எனக்குக் கட்டிவிட்டாள். தலைத்துணியையும் இறுக்கி முடிந்தாள். அவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கைதட்டல் ஓயவில்லை. எனக்கு மாலை போட்டார்கள். மேடைக்குப் பின்னால் செல்லம்மா என் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் யாரென்று தெரியாமல், அவள் பக்கத்திலேயே நின்று, செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "அசல் தோட்டக்காரியே வந்து ஆடியிருந்தாலும் இவ்வளவு தத்ரூபமா இருந்திருக்காது, மாஸ்டர்."

அடுத்த ஞாயிறு

பாய் கடை மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: தலைமைக் குமாஸ்தாவிடம் சொன்னது, அச்சுக்கூடத்தில் சொன்னது, செயலாளரிடம் சொன்னது. கம்பெனியை விட்டு விலகிக்கொள்கிறேன் என்றேன். அந்தோணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாய் தையலை நிறுத்தி, "நோட்டீஸ நான் பொய்யாப் படிச்சதும் தப்புதான், செல்லம்மா" என்றார். அவள் உட்கார்ந்தபடியே தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நோட்டீஸில் அந்த வரியைத் தடவிய கை அது. அந்த நேரத்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு அவள் எழுந்து, தரையில் விரித்திருந்த கோரைப்பாயைச் சுருட்டி வைத்தாள், ஆட இடம் வேண்டும் என்று. "அடுத்த மாசம் எங்க தோட்டத்துல ஆடணும். அங்க நான்தான் முன்னுக்கு நிப்பேன்" என்றாள். அந்தோணி திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், தப்பை எடுத்தான். நான் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். செல்லம்மா சொன்னாள்: "நீங்க செஞ்சத நான் மறக்கப் போறதில்ல, அண்ணே. வாளியோட எறங்குற நட ஒங்களுக்கு இன்னும் வரல, வாங்க."

அந்தக் கம்பெனியில் அதன் பிறகும் ஆறு வருஷம் ஆடினேன்; இறங்குகிற நடை ஒருவழியாகக் காலுக்கு வந்துவிட்டது, அந்த மூன்று பேரையும் நிமிர்ந்து பார்ப்பதுதான் கழுத்துக்குக் கடைசிவரை வரவில்லை.