நீலக் கட்டுக்குள் போட்ட மனு

நாகர்கோவிலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் மனு வாங்கினேன், பிரித்தேன், கடிதம் அடித்தேன். அவர் பெயர் இங்கே வேண்டாம், தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு பிழையை எழுதி வைக்கிறேன்.

1. மூன்று கட்டுகள்

முதல் நாளே தலைவர் வேலையைச் சொல்லித் தந்தார். "மனு வந்தா ஊரப் பாரும் வே. பூதப்பாண்டிப் பக்கம்னா பச்சை ஃபைல், கால்வாய்த் தண்ணி. மலையோரம்னா மஞ்சள், ரப்பர் விலை. கடக்கரைன்னா நீலம், ஃபிஷரீஸ். ஒவ்வொண்ணா படிச்சிட்டு இருந்தா பொழுது போயிரும், கேட்டீரா?"

தலைவருக்கு வயல் பக்கம்தான் ஓட்டு அதிகம். அதனால் சட்டசபையில் எதைப் பேச எழுந்தாலும் கடைசியில் கால்வாயில் வந்துதான் நிற்பார். அந்தப் பேச்சுகளை எழுதித் தந்தவன் நான்தான். பழைய தாளைப் பார்த்து எழுதிவிடலாம் என்பதால் எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

2. செலின்

கடியப்பட்டணத்திலிருந்து செலின் என்ற பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று நல்ல கூட்டம். அவள் கணவன் வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் சம்பளத்துக்கு மீன்பிடிக்கப் போனவன். படகு எல்லை தாண்டியதால் அங்கே பக்கத்து நாட்டுச் சிறையில் இருந்தான். இங்கே அவன் அம்மா படுத்த படுக்கை.

"மவன் மொகத்தப் பாக்கணும்னு உசிரப் பிடிச்சிட்டுக் கெடக்கா சாரே," என்றாள்.

நான் ஊர்ப் பெயரைப் பார்த்து மனுவை நீலக் கட்டுக்குள் வைத்தேன். வழக்கமான வாசகத்தோடு கடிதம் மீன்வளத் துறைக்குப் போனது.

ஐந்து வாரம் கழித்து அது திரும்பி வந்தது. படகு நம் நாட்டில் பதிவானதல்ல, ஆகவே இத்துறையின் கீழ் வராது என்று ஒரே ஒரு வரி. செலினை வரவழைத்துச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"அரபிக்க போட்டுல வேலைக்கு நிண்ணாருன்னு அண்ணைக்கே சொன்னேம்லா சாரே. பூதப்பாண்டிக்காரன் ஒருத்தன் துபாய் ஓட்டல்ல வேல செஞ்சு மாட்டுனா, வெவசாய ஆபீசுக்கா எழுதுவிய?"

வெட்கமாக இருந்தது. அன்றே வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களைக் கவனிக்கும் துறைக்கு எழுதினேன். தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்தேன்.

3. சிவப்புக் கட்டு

பிறகு பழைய மனுக்களை உட்கார்ந்து படித்தேன். பச்சைக் கட்டுக்குள் ஒரு நர்ஸின் அப்பா இருந்தார்; மகளின் பாஸ்போர்ட்டை வெளிநாட்டு முதலாளி பிடித்து வைத்திருந்தான். மஞ்சள் கட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவரின் மகன், எலக்ட்ரீஷியன், விசாவில் ஏமாந்தவன். இவர்களுக்கெல்லாம் நான் கால்வாயும் ரப்பருமாகக் கடிதம் எழுதியிருந்தேன். அப்படிப்பட்டவற்றை உருவி ஒரு சிவப்பு ஃபைலில் போட்டேன். ஒரு மாதத்தில் மற்ற மூன்றையும்விட அது தடித்துவிட்டது.

தலைவர் அதைப் புரட்டினார்.

"வயக்காரன் வீட்டுலயும் வெளிநாடு, கடக்கரையிலயும் வெளிநாடு. ஊர்ல கெழடுகட்டைதான் மிச்சம். நான் என்னவே இத்தன நாளும் தண்ணியப் பத்தியே பேசிட்டிருந்தேன்?"

அடுத்த கூட்டத்தொடரில் அவர் முதலில் கேட்டது, வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மாவட்டத்திலேயே ஓர் உதவி மையம். கால்வாய் இரண்டாவதாகத்தான் வந்தது.

செலினின் கணவனும் விடுதலையாகி வந்தான். திருவனந்தபுரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனானாம். செலின் அலுவலகத்துக்கு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மனுவை வாங்கினால் ஊரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். ஆள் எங்கே, யாரிடம் வேலை செய்கிறார் என்று கேளுங்கள், பிறகு முழுதாகப் படியுங்கள். அந்த அம்மா இறந்தது மகன் வருவதற்குப் பதினோரு நாள் முன்னால். என் கடிதம் தப்பான ஆபீசில் கிடந்தது ஐந்து வாரம்.