முப்பதாம் தேதி வரைக்கும்

அப்பா இறந்தது பதினெட்டாம் தேதி. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் முப்பதாம் தேதி வரைக்கும் டிக் போட்டிருந்தது.

அந்த அட்டவணையைத் தயாரித்தவள் நான். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். ஐம்பத்தாறு வயதில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரைச் சாகவிடக் கூடாது என்பதையும் அந்த வாரமே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன். நீண்ட நாள் வாழ்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதையே அப்பாவையும் செய்யவைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அப்படி ஒருவர் எங்களுக்கு இருந்தார். அப்பாவின் பெரியப்பா, வயது தொண்ணூற்று நான்கு. திருவாதவூரில் மருமகளோடு இருந்தார். கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு அப்பாதான் சவரம் செய்துவிடுவார். வேறு யாரிடமும் அவர் கன்னத்தைக் காட்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா பசுமலையிலிருந்து மாட்டுத்தாவணி போய், அங்கே பஸ் மாறுவார். நானும் நோட்டோடு கூடப் போனேன்.

“காலையில என்ன சாப்பிடுவீங்க தாத்தா?”

“இருக்கிறத.”

“எத்தன மணிக்கு?”

“பசிச்சா.”

“எம்புட்டு?”

“ரேசன் கார்டுக்கா ஆத்தா எழுதுற?” வாயைச் சுற்றிச் சோப்பு நுரை.

“பெரியப்பா, வாய அசைக்காதீங்க. வெட்டிரும்.”

“நான் எங்கடா அசைக்கிறேன்? ஒம் மகதான் போலீஸ்காரியாட்டம் கேக்குறா.”

பதினான்கு குறிப்புகள் தேறின. கேப்பைக் கூழ், இருட்டுமுன் ராச்சாப்பாடு, கண்மாய்க் கரை வரை நடை என்று போயிற்று. தாத்தாவின் சுருட்டுப் பழக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சவரத்தையும் எழுதவில்லை. அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. குறிப்புகளை மாத அட்டவணையாக்கி, அப்பா தினமும் டிக் போட வேண்டும் என்று பிரிட்ஜில் ஒட்டியதும் திருவாதவூர் போவதை நிறுத்திக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே பிரிட்ஜைப் பார்ப்பேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விசாரணைதான்.

“நேத்து நடக்கலையாப்பா?”

“மழைம்மா.”

“மாடியில நடந்திருக்கலாம்ல?”

அப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கடைசி மூன்று மாதங்களில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. காலிக் கட்டத்தையே தேடிப் பழகிய கண், டிக் எந்தத் தேதி வரை போயிருக்கிறது என்று பார்க்கவில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். எந்தப் பையன் எதை உடைத்தான், அதை அவர் எப்படி மறைத்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சில நாள் விளக்குப் போடக்கூட எழ மாட்டோம்.

பிறகு அந்தப் பதினெட்டாம் தேதி காலை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாம் நாள் பிரிட்ஜில் பால் எடுக்கப் போனபோதுதான் அட்டவணையைச் சரியாகப் பார்த்தேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, எல்லாவற்றிலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டிருக்கிறார். முந்தைய இரண்டு மாதத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படித்தான். அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. என்னை ஏமாற்றித் தன்னைக் கொன்றுகொண்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

தாத்தாவுக்குச் சேதி மட்டும் சொல்லியனுப்பினோம்; சாவுக்கு அழைத்து வரவில்லை, தாங்க மாட்டார் என்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் திருவாதவூர் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெள்ளை முள். அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“அப்பா எங்கிட்ட பொய் சொல்லிட்டாரு தாத்தா. நடக்கவே இல்ல. எல்லாம் பொய் டிக்.”

“தெரியும் ஆத்தா. இங்க வச்சுத்தான சொன்னான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “டிக்கு இருந்தா புள்ள பக்கத்துல வந்து ஒக்காருது பெரியப்பா, இல்லேன்னா கதவச் சாத்திக்கிருது, அதான் மாசத்துக்கும் மொத்தமாப் போட்டு வச்சிர்றேன்னான். சிரிச்சான். நானும் சேந்து சிரிச்சுப்புட்டேன். அவன ரெண்டு வார்த்த வஞ்சிருக்கணும்.”

அந்த மூன்று மாதச் சாயங்காலங்களும் அந்த டிக்குகளால் கிடைத்தவை. நான் பட்டியல் போட்டது அவர் நாட்களைக் கூட்ட. அவரோ இருந்த நாட்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைக்க வழி பார்த்திருக்கிறார்.

சுவர் மாடத்தில் அப்பாவின் ரேசரும் பிரஷும் இருந்தன. பிரஷில் சோப்பு காய்ந்து இறுகியிருந்தது. தண்ணீரில் நனைத்துக் கரைத்தேன். நுரையைப் பூசி ரேசரை எடுத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அப்பா எந்தப் பக்கம் தொடங்குவார் என்று எனக்குத் தெரியாது. எத்தனை ஞாயிறு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், குனிந்து எழுதிக்கொண்டு.

“எந்தப் பக்கம் தாத்தா மொதல்ல?”

அவர் இடது கன்னத்தை என் பக்கம் திருப்பிக் கண்களை மூடிக்கொண்டார்.