கோட்டுப் பையில் எலுமிச்சம்பழம்

பதவி உயர்வுக்கான நேர்காணலுக்கு வரும் ஊழியர் தகுந்த உடையில் இருத்தல் வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் அப்படி ஒரு விதி உண்டு. எது தகுந்த உடை என்று கையேடு சொல்லவில்லை. யாருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி, யாருக்குக் கைப்பிடி இல்லாதது என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியவர்கள், ஆள் எதை உடுத்துவது என்பதை இரண்டு சொற்களில் முடித்துவிட்டார்கள். அடுத்த விதி மட்டும் தெளிவாக இருந்தது: ஒருவருக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றிலும் தேறாதவர் ஓய்வு பெறும்வரை இருக்கும் நாற்காலியிலேயே இருக்கலாம். என்னுடையது கைப்பிடி இல்லாதது.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. ஆவடியில் அலுவலகம், அம்பத்தூரில் வாடகை வீடு. விதிகளில் சந்தேகம் வந்தால் அதிகாரிகளே என் மேஜைக்கு ஆள் அனுப்புவார்கள். அந்தத் தெம்பில் முதல் நேர்காணலுக்கு வழக்கமான அரைக்கைச் சட்டையோடும் செருப்போடும் போனேன். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நான் கதவை அடைவதற்குள் குழுவின் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"விஷயம் தெரியுது. ஆனா இவரை அதிகாரியா உட்கார வச்சா, வர்றவங்க இவர்கிட்டயே ஆபீசர் எங்கேன்னு கேட்பாங்க."

காது சுட்டது. அன்று மாலை ஒரு எழுத்தர் செய்யக்கூடியதைச் செய்தேன். 'தகுந்த உடை' என்பதற்கு விளக்கம் கேட்டு, உரிய வழியில், தலைமையகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. அதற்குள் இரண்டாவது நேர்காணல் வந்துவிட்டது.

மேலிருந்து விளக்கம் வராத நிலையில் எச்சரிக்கையான பக்கம் சாய்வதே நடைமுறை. எச்சரிக்கையான பக்கம் கோட்டு என்று முடிவு செய்தேன். குமணன்சாவடியில் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு ரிசப்ஷன் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கருநீலம், காலரில் மட்டும் வெல்வெட்டு. தோள் எனக்கு அரைச் சாண் வெளியே நின்றது. கடைக்காரர் பின்னால் இரண்டு ஊக்குக் குத்தி, "முன்னாடி மட்டும் காட்டுங்க சார்" என்றார்.

முன்னாடி மட்டும்தான் காட்டினேன். ஆனால் உள்ளே மின்விசிறி தலைவருக்கு நேராக இருந்தது. மூன்றாவது கேள்வியில் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. கைக்குட்டை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கை விட்டேன். கைக்குட்டையோடு ஒரு எலுமிச்சம்பழமும் வெளியே வந்தது. முந்தைய முகூர்த்தத்து மாப்பிள்ளைக்குத் திருஷ்டிக்காகக் கொடுத்தது. காய்ந்து சுருங்கிப் போயிருந்தது, குங்குமம் மட்டும் அழியவில்லை. மேஜையில் விழுந்து, பச்சைத் துணியின் மேல் நிதானமாக உருண்டு, தலைவரின் தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றது.

தலைவர் அதைப் பார்த்தார். பிறகு வெல்வெட்டைப் பார்த்தார்.

"பொண்ணு வீட்டார் எப்போ வர்றாங்க?"

எனக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நானும் சிரித்தேன். எழுந்து அந்தப் பழத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாடகைப் பொருளைக் குறைவின்றித் திருப்பித் தர வேண்டும் என்ற பழக்கமாக இருக்கலாம். எடுத்துக்கொண்டு திரும்பியபோது முதுகிலிருந்த ஊக்குகளையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் அலுவலகத்தில் நான் எலுமிச்சம்பழ சார். கேன்டீனில் என் தட்டில் ஊறுகாய் வைக்கும்போது பரிமாறுகிறவர் தலையைக் குனிந்துகொள்வார்.

என் மனைவி என்னைக் கேட்காமல் தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை உடுத்திவிடுகிறவன். உறவுக்காரர்கள் கேட்டால் ஜவுளித் துறையில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தேன். நசரத்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிங்கிளாஸோடு வந்து இறங்கினான். என் சட்டைகள் அத்தனையையும் கட்டிலில் பரப்பி, சாமான் ஏலத்தில் நிற்கிறவன்போலச் சுற்றி வந்தான்.

"இன்னா மாமா, இதெல்லாம் யாரோட சட்டை?"

"என்னோடதுதான்."

"உன்னுதா? உள்ள இன்னொரு ஆள் குடித்தனம் இருக்கலாம் போல கீது."

"லூசா தைக்கிறதுதான் எனக்குப் பழக்கம்."

"ஏன் மாமா, இன்னும் வளரப் போறியா?"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் சட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தேன். அவன் கேள்விக்குப் பதில் இருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் என் அம்மா தையல்காரரிடம் சொல்வது ஒரே வாசகம்: வளர்ற பிள்ளை, பார்த்துத் தைங்க. ஒரு சட்டை மூன்று வருடம் வர வேண்டும். மூன்றாவது வருடம் அது அளவாக இருக்கும்போது கிழிந்திருக்கும். அந்த வாசகத்தைத்தான், அம்மா போன பிறகும், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் சொல்லி வந்திருக்கிறேன். கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன் கேட்கும்வரை எனக்கு அது தெரியவில்லை.

பூந்தமல்லியில் அவனுக்குத் தெரிந்த பாயின் தையல் கடைக்கு என்னையும் மனைவியையும் அழைத்துப் போனான். அளவெடுக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பனியனில் இருந்த ஓட்டைகளை மச்சானும் பாயும் பார்த்தார்கள். வெளிர்நீலத்தில் முழுக்கைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை. கோட்டு வேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டான். மரூன் நிறத்தில் டை ஒன்று கட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அது கண்ணைப் பறிக்கிறது என்று அவன் அக்காதான் தடுத்தாள். கடைசியில் பாயிடம், "கால்சட்டைப் பை ரெண்டையும் வாய மூடி தச்சிடு பாய்" என்றான்.

"கைக்குட்டை எங்கடா வைக்கிறது?" என்றேன்.

"கையில வச்சிக்கோ. பொம்மைக்கு நாங்க அப்படித்தான் செய்வோம், பை தொங்காது. உனக்கும் பைய கண்டா கை சும்மா இருக்காது."

உடை வந்ததும் பத்திரமாகப் பீரோவில் வைத்தேன். நேர்காணல் நாளன்று எடுப்பதாக எண்ணம். மறுநாள் அவன் வந்து வெளியே எடுத்தான்.

"இத போட்டுகினு மார்க்கெட்டுக்குப் போய் கொத்தமல்லி வாங்கிகினு வா."

"ஊர் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். இங்கயே சிரிச்சி முடிக்கட்டும்."

போனேன். ரேஷன் கடை வரிசையில் அதே உடையில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றேன். "இன்னா சார், எலெக்ஷன்ல நிக்கிறீங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பஸ்ஸில் ஒருவர் என்னைப் பரிசோதகர் என்று நினைத்து டிக்கெட்டை நீட்டினார். இரவில் மனைவி துவைத்து, காலையில் இஸ்திரி போட்டு, மறுபடியும் என்னை அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் தெருமுனை வரைக்கும் நடப்பது பரீட்சை எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. பிறகு ஒரு நாள் கொத்தமல்லிக்காரம்மா என்னை ஏறெடுத்துப் பார்க்காமலே கட்டை நீட்டினாள். வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். "அவ்ளோதான் மாமா. இப்போ அது உன் சட்டை" என்றான்.

மூன்றாவது நேர்காணலிலும் அதே தலைவர்தான். கேள்விகள் முடிந்து நான் எழுந்த பிறகு, அவர் என் கோப்பை மூடிவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை பழம் எதுவும் கொண்டு வரலையா?"

என் கை தானாக இடுப்புக்குப் போய், தைத்த பையில் இடித்து நின்றது. வேறு போக்கிடம் இல்லாமல் பக்கவாட்டில் தொங்கியது. அதனால் நேராக நிற்க வேண்டியதாயிற்று.

"இல்லை சார். பையைத் தைத்துவிட்டேன்."

அவர்கள் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு முடியும்வரை நான் காத்திருந்தேன், கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

தேறினேன். கைப்பிடி வைத்த நாற்காலி வந்தது. எலுமிச்சம்பழ சார் என்ற பெயர் போகவில்லை. எலுமிச்சம்பழ ஆபீசர் என்று அதற்கும் பதவி உயர்வு கிடைத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூடக் காரணம் தெரிந்து வைத்திருந்தார்கள். யாராவது என் அறையில் கைக்குட்டையை உதறினால் எனக்கு இன்னும் காது சுடும்.

என் கேள்விக்குத் தலைமையகத்தின் விளக்கமும் வந்தது. தபால்கள் இப்போது என் பார்வைக்கு வந்த பிறகுதான் பிரிவுக்குப் போகும் என்பதால், அது என் மேஜைக்கே வந்தது. தூய்மையான, அளவான, சாதாரண உடை போதும் என்றும், கோட்டு அவசியமில்லை என்றும் இருந்தது. கோப்பில் சேர்க்கவும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உறையைக் கொண்டுவந்த பியூன் போகாமல் ஓரமாக நின்றிருந்தார். எல்லா மேஜைகளிலும் வைத்ததுபோல என் மேஜையிலும் குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். வையுங்கள் என்றேன். பதில் வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.