நாலாம் பிளாட்பாரம், பச்சை பஸ்

ஷவ்கி அப்துத் தவ்வாபுக்கு ஐம்பத்து நான்கு வயது. இத்தனை வயதில், வழி கேட்டு வந்த ஒருவரிடமும் அவர் 'தெரியாது' என்று சொன்னதில்லை. கெய்ரோவில் இது ஒன்றும் அதிசயமில்லை. வழி கேட்டவனை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்களுக்கு வீட்டுக்கு வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் கதவைச் சாத்துவதற்குச் சமம். தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டாலும் சொல்வோம். கையை நீட்டி, 'நேரா போய் இடப்பக்கம் திரும்பு' என்று அடித்துச் சொல்வோம். போனவன் அலைந்துவிட்டு இன்னொருத்தனிடம் கேட்பான், அவனும் எதையாவது சொல்வான். எப்படியோ சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறோம். வழக்கம் எங்கள் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் சீருடை போட்டுக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்தவர் ஷவ்கி.

பழைய சுரங்க ரயிலில் இருபது வருஷம் டிக்கெட் வாயிலைக் காத்துவிட்டு, போன வருஷம்தான் மேல் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தார். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, ஒருவர் வாயிலும் நுழையாது. தூண்கள்மேல் நிற்பதால் எல்லோரும் 'மேல் ஸ்டேஷன்' என்பார்கள். உச்சியில் ரயில், நடுத்தளத்தில் டிக்கெட் கூடம், தரையில் பஸ்கள். கிராமத்திலிருந்து பெரிய ரயிலில் வந்து இறங்குகிற சனமெல்லாம் நகர ரயிலில் இங்கே வந்துதான் பஸ் மாறும். ஷவ்கி நடுத்தளத்தில் வாயிலருகே நிற்பார். சிக்கிக்கொள்ளும் டிக்கெட்டை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆனால் நாள் முழுக்க அவர் செய்தது வழி சொல்வதுதான், அதுவும் ஒரு மந்திரி தோரணையில். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் இல்ஹாம் வாய்த்துடுக்குக்காரி. "உஸ்தாத், சொர்க்கத்துக்கு எந்த பஸ்னு கேட்டாக்கூட நீங்க பிளாட்பாரம் நம்பர் சொல்லிடுவீங்க," என்பாள். ஷவ்கிக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

அந்த வியாழக்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை முதல் கீழே எந்த ஊர் பஸ் எந்தப் பிளாட்பாரம், எந்த நிறம் என்பதெல்லாம் மாறுகிறது. இல்ஹாம் தன் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். ஷவ்கி தன்னுடையதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் போட்டார். இருபது வருஷ சர்வீஸ்காரன், காகிதத்தைப் பார்த்தா வழி கத்துக்கணும்?

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. நல்ல கூட்டம். கிழவர் ஒருவர் வந்து நின்றார். துவைத்து மடித்த சாம்பல்நிற அங்கி, தலையில் வெள்ளைத் துணி, அவசரத்தில் சவரம் செய்ததில் தாடையில் ஒரு கீறல். பெயர் துஹாமி. பெனி சுவைஃப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலை ரயில் பிடித்து வந்தவர்.

"அய்யா, ஹோஷ் அல்-தூத் பள்ளிவாசலுக்கு எந்த பஸ்? என் அண்ணன் மௌத்தாயிட்டாரு. மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் ஜனாஸா அடக்கம். முகத்தை ஒரு தடவை பார்த்துடணும்."

ஷவ்கிக்கு ஒரு கணம் உள்ளே ஏதோ தடுக்கியது. பிளாட்பாரங்கள் மாறிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். எப்படி மாறின என்பதுதான் தெரியாது. இல்ஹாமின் ஜன்னல் பத்தடி தூரத்தில். 'ஒரு நிமிஷம் இருங்க, கேட்டுச் சொல்றேன்' என்றால் முடிந்தது. ஆனால் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள், எல்லோர் கண்ணும் அவர் மேல். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் அந்தப் பெண்ணிடம் கேட்பதா?

"அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும், ஹாஜியாரே. நாலாம் பிளாட்பாரம், பச்சை பஸ். கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க."

"நாலாம் பிளாட்பாரம், பச்சை பஸ்," என்று கிழவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அல்லாஹ் உங்க பிள்ளைங்களை நல்லா வைக்கட்டும்." எஸ்கலேட்டரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் ஷவ்கி தேநீரை எடுத்தார். கோப்பைக்கடியில் அந்தத் தாள். வட்டக் கறைக்கு நடுவே கண் தானாகப் போனது. நான்கு: பாலைவனப் புதுநகரம், நெடுஞ்சாலை விரைவு பஸ், வழியில் நிற்காது. ஹோஷ் அல்-தூத்: ஒன்பது.

கோப்பையை அப்படியே வைத்தார்.

ஓடினார். அந்தப் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, எஸ்கலேட்டரில் நிற்கிறவர்களை இடித்துக்கொண்டு ஓடினார். நாலாம் பிளாட்பாரம் காலி. பச்சை பஸ்ஸின் முதுகு மட்டும் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. பஸ் கண்காணிப்பாளரின் கூண்டு எதிரிலேயே. அங்கே தொலைபேசி இருக்கிறது, ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பாலத்துக்கு அப்பால் நிறுத்தச் சொல்லலாம். மணி பதினொன்றுகூட ஆகவில்லை, கிழவரைத் திருப்பிக் கொண்டுவந்து ஒன்பதில் ஏற்றிவிடலாம். ஷவ்கி கூண்டின் முன்னால் போய் நின்றார். கண்காணிப்பாளர் மொச்சை மசியல் வைத்த ஃபூல் ரொட்டியில் பாதியை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன உஸ்தாத், மூச்சு வாங்குது? யாராவது துரத்துறாங்களா?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நான் ஒருத்தரைத் தப்பான பஸ்ஸில் ஏத்திட்டேன். சொன்னால்? அந்த ஆள் சிரிப்பார், மதியத்துக்குள் மூன்று தளத்துக்கும் தெரிந்துவிடும், இல்ஹாம் ஒரு வருஷம் இதைச் சொல்லியே உரித்தெடுப்பாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஷவ்கி. "சும்மா, காத்து வாங்க வந்தேன்."

இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். வாய் தவறிச் சொன்னதை விடுங்கள், அது யாருக்கும் நடக்கும். இது கூண்டுக்கு முன்னால், நிதானமாக நின்று செய்தது.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குக் கிழவர் திரும்பி வந்தார். அங்கியின் விளிம்பெல்லாம் மணல். வெயிலில் முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. ஷவ்கியைப் பார்த்ததும் நேராக அவரிடமே வந்தார். 'சட்டையைப் பிடிக்கப் போகிறார், பிடிக்கட்டும்' என்று ஷவ்கி நினைத்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், அய்யா," என்றார் துஹாமி. "ஊருக்குத் திரும்பணும். கீஸா ஸ்டேஷனுக்குப் போற ரயில் எந்தப் பக்கம்?"

"ஜனாஸா கிடைச்சுதா, ஹாஜியாரே?"

"எங்க கிடைச்சுது! நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் எதுல போய் ஏறித் தொலைச்சேனோ! பஸ் நிக்காமப் போயிட்டே இருந்துச்சு. அண்ணன் மகன் போன் பண்ணி, 'சாச்சா, எங்க இருக்கீங்க, வெளியில என்ன தெரியுது'ன்னு கேட்டான். மணல் தெரியுதுடான்னேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கபர்ல மண்ணு போட்டு முடிச்சுட்டாங்களாம். எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க. இனி அங்க போய் யார் முகத்தைப் பார்க்கறது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இல்ஹாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷவ்கியின் வாயிலிருந்து வந்தது இது:

"மனசை விடாதீங்க ஹாஜியாரே. வயசாயிட்டா இப்படி ஆகறதுதான்."

கிழவர் தலையை ஆட்டினார். "ஆமாமா. வயசாயிட்டுது," என்றார். ஷவ்கி ரயில் பக்கம் கைகாட்டினார். அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுக் கிழவர் போனார்.

அவர் போனதும் இல்ஹாம் கூப்பிட்டாள். "உஸ்தாத், நாலுன்னு யாருக்காவது சொல்லிட்டீங்களா என்ன?"

"நானா? இல்லையே."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பிறகு ஷவ்கிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி அஸ்மஹான் முலோக்கியாக் கீரை செய்து வைத்தாள், முயல் கறியோடு, அவருக்கு உயிர். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "யாரு கண்ணு பட்டுதோ," என்று அவள் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். அவளிடமும் அவர் சொல்லவில்லை. குளிக்கும்போது, செருப்பு மாட்டும்போது, திடீர் திடீரென்று 'வயசாயிட்டா இப்படி ஆகறதுதான்' என்ற தன் குரல் காதில் விழும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

வேலையில் ஆள் அடியோடு மாறிப்போனார். யார் வழி கேட்டாலும், "எனக்குத் தெரியாது, ஜன்னல்ல கேளுங்க," என்பார். தெரிந்த வழியையும் அப்படியே. ஹாலில் சாக்ஸ் விற்கிறவனிலிருந்து துப்புரவுக்காரப் பெண்கள் வரைக்கும் அவரை 'தெரியாது உஸ்தாத்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "உஸ்தாத், உங்க பேரு ஷவ்கிதானே?" என்று கேட்பான் சாக்ஸ்காரன், "பார்த்து, ஜன்னல்ல கேட்டுச் சொல்லுங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். இல்ஹாம் மட்டும் சிரிக்க மாட்டாள். ஷவ்கி அந்தக் கேலியைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். தனக்கு உரியது இதைவிடப் பெரிது என்று அவருக்குத் தெரியும்.

நாற்பதாம் நாள் வரும் என்பது மட்டும் அவருக்கு ஏனோ தோன்றவில்லை. அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். இறந்தவரின் நாற்பதாம் நாளில் சொந்தமெல்லாம் மறுபடி கூடும், கபரில் ஓதி, ஏழைகளுக்கு ரஹ்மத் ரொட்டி கொடுக்கும்.

அன்று காலை வாயிலுக்கு வெளியே துஹாமி வந்தார். இந்த முறை தனியாக இல்லை. நாற்பது வயது மகன் ஐயூப் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அழைத்துவந்தான், சந்தையில் சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவதைப் போல. கிழவரின் இன்னொரு கையில் ரொட்டிக் கூடை. ஒரு மாதத்தில் பத்து வயது ஏறியிருந்தது. ஷவ்கியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஐயூபு, இவர்தான்! நான் சொன்னேன்ல, இவர்தான்."

"வாப்பா, நீங்க சும்மா இருங்க, நான் கேக்கறேன்," என்றான் மகன். பிறகு ஷவ்கியைப் பார்த்து, கிழவர் அங்கே இல்லாததுபோலச் சொன்னான்: "மன்னிக்கணும், உஸ்தாத். அன்னிக்கு நீங்க சரியா வழி சொல்லியும் எங்கேயோ பாலைவனத்துக்குப் போயிட்டாரு. எங்க பெரியப்பா பிள்ளைங்க இன்னும் மூஞ்சி கொடுத்துப் பேசறதில்ல. அதுலேர்ந்து இவரைத் தனியா எங்கயும் விடறதில்ல, சந்தைக்குக்கூட. எருமையையும் வித்தாச்சு, எங்கயாவது ஓட்டிட்டுப் போயிட்டு வழி தெரியாம நின்னா? நீங்களே சொன்னீங்களாமே, வயசாயிட்டா இப்படித்தான்னு."

"நான் மறக்கல," என்று துஹாமி குறுக்கிட்டார். அவசரமாக, வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி. "நாலாம் பிளாட்பாரம், பச்சை பஸ். சரியா அய்யா? பாருங்க, ஞாபகம் இருக்கு. நீங்களே இவன்கிட்ட சொல்லுங்க."

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு இருந்ததைவிட அதிகம். சாக்ஸ்காரன் பக்கத்திலேயே நின்றான். இல்ஹாம் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார் ஷவ்கி. பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "உங்க வாப்பா சரியாத்தான் ஏறினார். நான் சொன்ன பஸ்லதான் ஏறினார். நான்தான் தப்பாச் சொன்னேன். எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அப்புறம் தெரிஞ்சுது. பஸ்ஸை நிறுத்தியிருக்கலாம், வெக்கப்பட்டுக்கிட்டு நிறுத்தல. அவர் திரும்பி வந்து தன்னையே திட்டிக்கிட்டப்ப, வயசு மேல பழியப் போட்டேன். எல்லாம் நான்தான்."

மேலே ரயில் ஒன்று வந்து நின்று, தரை லேசாக அதிர்ந்தது.

"அடப் பாவி மனுஷா!" ஐயூப் பாய்ந்து ஷவ்கியின் சட்டைக் காலரைப் பற்றினான். அப்போதும் மற்றொரு கை தகப்பனின் மணிக்கட்டில்தான் இருந்தது. "எங்க பெரியப்பா முகத்தை..."

"ஐயூபு," என்றார் துஹாமி.

அவர் கத்தவில்லை. ஷவ்கியை அவர் பார்க்கவும் இல்லை. தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?"

மகன் விழித்தான்.

"கேட்டேல்ல? அப்ப கையை விடு."

ஐயூப் இரண்டு கையையும் விட்டான். கிழவரின் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது. அவர் அதை ஒரு தடவை தடவிவிட்டு, கூடையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். ஷவ்கி ஓரடி முன்னால் வந்து, "ஹாஜியாரே, நானே கீழ வந்து ஏத்திவிடறேன். ஒன்பதாம்..." என்று தொடங்கினார்.

துஹாமி அவரைத் தாண்டி நடந்தார். பத்தடி நடந்து டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்.

"மகளே, ஹோஷ் அல்-தூத்துக்கு எந்த பஸ்?"

இல்ஹாமுக்கு ஒன்பது என்பது தூக்கத்திலும் தெரியும். ஆனாலும் அவள் திரும்பி, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"ஒன்பதாம் பிளாட்பாரம், வாப்பா. வெள்ளை பஸ்."

"ஒன்பதாம் பிளாட்பாரம், வெள்ளை பஸ்," என்று அவர் சொல்லிக்கொண்டார். எஸ்கலேட்டரில் கைப்பிடியைத் தொடாமல் நின்று இறங்கினார். மகன் இரண்டு படி பின்னால் நின்றான்.